கரும்புச் சோகை கீறிய கண்

கரும்புச் சோகை உரிக்கும்போது என் கணவரின் கருவிழியில் கீறிவிட்டது. "தானே ஆறிடும்" என்கிறார். ரத்தமே ஓடாத இடம் எப்படி ஆறும்? – வாசகி, சித்தூர்

ஆறும் அம்மா, அதுவும் வேகமாகவே. கருவிழியின் மேல்தோல் செல்கள் அயனிக் கால்வாய்கள் வழியே சோடியத்தையும் குளோரைடையும் ஓயாமல் கடத்துகின்றன. கீறல் விழுந்ததும் காயத்தை நோக்கி மெல்லிய மின்னோட்டம் பாயும். அதைப் பின்பற்றி அக்கம்பக்கத்துச் செல்கள் ஊர்ந்துவந்து மூடிவிடும். மிளகாய்க் காரத்தை உணர்கிற டிஆர்பிவி1 கால்வாய்க்கும் இதில் பங்குண்டு. அது இல்லாத எலிகளுக்குக் காயம் தாமதமாகத்தான் ஆறியது. சின்னக் கீறல் என்றால் இரண்டு மூன்று நாள் போதும்.

ஆனால் சோகை கீறினால் பூஞ்சையும் உள்ளே போகலாம். அதனால் இன்றைக்கே கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். திருப்பதியில் 2019 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. ஆரஞ்சுச் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல ஒளியில் பார்ப்பார்கள். காயம் பச்சையாக ஒளிரும். கிருமி தாக்காமலிருக்க மருந்தும் தருவார்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு வேண்டவே வேண்டாம், பூஞ்சைக்கு அது தீனி. கண்ணைக் கசக்க விடாதீர்கள். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள்.