நின்ற இதயத்துக்கு உங்கள் கைகளே துணை!

கல்யாண மண்டபம். பந்தியில் உட்கார்ந்திருந்த பெரியவர் திடீரென்று அப்படியே சரிகிறார். "தண்ணி தெளிங்க... சோடா கொண்டு வாங்க... விசிறி விடுங்க!" ஆளுக்கொரு குரல். நீங்களும் பக்கத்தில் நிற்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?

இதயம் நின்றுவிட்டால் மூளைக்கு ரத்தம் போகாது. நாலைந்து நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்பட ஆரம்பித்துவிடும். ஆம்புலன்ஸ் அதற்குள் வந்து சேருவது கஷ்டம். அதுவரை இதயத்தின் வேலையை வெளியிலிருந்து ஒருவர் செய்தாக வேண்டும். அதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை. இரண்டு கைகள் போதும்!

எப்படிக் கண்டுபிடிப்பது?

தோளைத் தட்டி, சத்தமாகக் கூப்பிடுங்கள். அசைவில்லையா? மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பத்து விநாடிக்கு மேல் பார்க்க வேண்டாம். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். இதயம் நின்ற பிறகும் சிலருக்கு விட்டு விட்டு, குறட்டை மாதிரி மூச்சு இழுக்கும். "மூச்சுதான் இருக்கே!" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அது சரியான மூச்சு அல்ல. உடனே வேலையில் இறங்குங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

* ஒருவரைக் கைகாட்டி, "நீங்க 108-க்கு போன் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். தனியாக இருந்தால் நீங்களே போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள்.

* மெத்தை வேண்டாம். கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

* பக்கத்தில் மண்டி போட்டு, மார்பின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வையுங்கள். அதன்மேல் இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது.

* உடம்பின் எடையைக் கொடுத்து 5 செ.மீ. ஆழம் அழுத்துங்கள். 6 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு முறையும் மார்பு பழையபடி மேலே எழும்ப விடுங்கள். அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும்.

* நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, அதாவது விநாடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு. இரண்டு நிமிடத்துக்கொரு முறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். கண் விழிக்கும்வரை அல்லது ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாமா?

திடீரென்று சரிந்த பெரியவர்களின் ரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்குப் போதுமான பிராணவாயு மிச்சமிருக்கும். அதனால் பயிற்சி இல்லாதவர்கள் அழுத்தினாலே போதும் என்று 2008-ல் அமெரிக்க இதயச் சங்கம் அறிவித்தது. ஆனால் குழந்தைகளுக்கும் தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சும் கொடுக்க வேண்டும். தெரிந்தவர் இல்லையென்றால் அழுத்துவதையாவது செய்யுங்கள்.

"விலா எலும்பு உடைஞ்சிட்டா?" என்று பயமா? உடையலாம். உடைந்த எலும்பு கூடிவிடும். போன உயிர் திரும்பாது!

ஒரு எச்சரிக்கை: நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு நினைவோடு இருப்பவரை அழுத்தக் கூடாது. உட்கார வைத்து, 108-ஐ அழையுங்கள். நினைவில்லாமல் மூச்சு மட்டும் சீராக வந்தால், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

இன்று ராத்திரியே கெட்டியான தலையணை ஒன்றைத் தரையில் போட்டு, இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் பழகட்டும். இதயம் பெரும்பாலும் வீட்டில்தான் நிற்கிறது. அப்போது நீங்கள் காப்பாற்றப் போவது முன்பின் தெரியாதவரை அல்ல, உங்கள் அப்பாவையோ மனைவியையோ!