கணினி எழுத்தும் கண்ணின் களைப்பும்

என் தந்தையார் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆயினும் படித்தறியாமல் எதிலும் கையெழுத்திடார். சென்ற ஆண்டு வீட்டுமனைப் பட்டா கோரும் மனுவைக் கணினியில் நானே அடித்தேன். தலைப்புக்கு நிழலெழுத்து, நடுநடுவே அடிக்கோடு; ஒரே தாளில் அடக்க ஓரத்தைக் குறைத்து, 9 புள்ளி அளவு. விரல் வைத்துப் படித்தவர் மூன்றாம் வரியில் நின்றார். "வரி தப்பித் தப்பிப் போகுதுப்பா" என்று தம் கண்ணைக் குறை சொன்னார். குறை என் தாளில் இருந்தது.

கண் ஒரு வரியை முடித்துத் திரும்புகையில் அடுத்த வரியின் தலையைப் பிடிக்க வேண்டும். வரி நீண்டு, இடைவெளி குறைந்தால் பிடி தவறும். ஆங்கிலத்தில் வரிக்கு 45 முதல் 75 எழுத்துகள் அளவு என்பர் அச்சுக்கலை அறிந்தோர். தமிழிலோ 'கி', 'கீ' மேலே எழும்பும். 'பு', 'சு' கீழே இறங்கும். அவை முட்டாதிருக்க 12 புள்ளி எழுத்துக்கு 18 புள்ளி வரியிடைவெளி வைக்கிறேன். கணினியில் ஒரு புள்ளி அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. ஆக, வரிக்கு வரி கால் அங்குலம்.

அடிக்கோடு, தடித்த எழுத்தில்லாத தட்டச்சுப் பொறி விட்டுச்சென்ற பழக்கம். தமிழில் அது 'பு', 'சு' இவற்றின் காலை வெட்டுகிறது. கணினியில்தான் தடித்த எழுத்து உண்டே!

மாற்றி அடித்ததில் இரண்டு தாள் ஆயிற்று. வீண் செலவென்று எனக்குத் தோன்றியது. தந்தையார் விரலை எடுத்துவிட்டுப் படித்தார். இரண்டாம் தாளில் பாட்டனார் பெயரில் நான் செய்திருந்த பிழையைக் காட்டினார். அதைத் திருத்திய பின்னரே கையெழுத்திட்டார்.