முலாம்பழக் கொடிக்குப் பந்தலா, தரையா?

அலங்காநல்லூர் வட்டாரத்தில் வீட்டுக் கொல்லைகளில் புடல், பாகல், பீர்க்கு ஆகியவற்றிற்குப் பந்தல் போடுவது வெகுகால வழக்கம். பந்தல் இருக்கிறதே என்று முலாம்பழக் கொடியையும் அதிலேயே ஏற்றிவிடுவாருண்டு. இது யோசித்துச் செய்யவேண்டிய காரியம். புடலங்காய் இளங்காயாகவே பறிக்கப்படுவது. முலாம்பழமோ கொடியிலேயே பழுக்கவேண்டியது. பழுத்ததும் காம்பைச் சுற்றி வெடிப்புக் கண்டு, பழம் தானே கழன்றுவிடும். ஆறடி உயரத்திலிருந்து விழுந்த பழம் சந்தைக்கும் உதவாது, வீட்டிற்கும் உதவாது. அன்றியும், புடலின் தழை மூடிய பந்தலில் வெயில் குறைவதால் இனிப்பும் குன்றும்.

செம்மண் கலந்த, நீர் வடியும் கொல்லையாயின் தரையில் படரவிடுவதே சிக்கனம். கரும்புச் சோகையைப் பரப்பி அதன்மேல் காய்களை இருத்தினால் போதும். ஆனால் 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டபின் வாய்க்கால் பாசனம் பெற்ற நிலங்களை அடுத்த கொல்லைகளில் கசிவு ஈரம் நிற்பதுண்டு. அங்கே தரையைத் தொட்ட காய் அடியில் அழுகும். அத்தகைய இடத்திற்கே தாங்கல் அவசியம்.

அதற்கும் உயர்ந்த பந்தல் வேண்டுவதில்லை. நாலடி உயரத்தில் மூங்கிற்படலைச் சாய்வாக நிறுத்துவது உத்தமம். காய்கள் கைக்கு எட்டும். கறையான் அரிக்காதிருக்க, கால்களின் அடிப்பாகத்தைத் தீயில் கருக்கிக் கீல் பூசி நடவேண்டும். கிளுவைப் போத்துகளை நட்டால் அவை வேர்விட்டு உயிர்க்கால்களாக நிற்கும். எனினும் தழைத்து நிழல் தராதபடி அடிக்கடி கழித்துவிடுதல் வேண்டும். முலாம்பழத்தை மட்டும் கருதிக் கல்தூண் நடுவது வீண்செலவு.

பிஞ்சு எலுமிச்சங்காய் அளவைத் தாண்டியதும் பழைய வேட்டித்துணியாலோ வலைத்துண்டாலோ உறி கட்டி அதில் இருத்தவேண்டும். உறியின் கயிற்றைப் படலின் குறுக்குச் சட்டத்தில் கட்டவேண்டுமேயன்றிக் கொடியில் கட்டலாகாது. கொடியில் கட்டினால் காற்றில் ஆடும் பாரமெல்லாம் தண்டின்மேல் விழுந்து, தண்டு கிழியும்.

தை மூன்றாம் நாள் சல்லிக்கட்டு முடிந்த கையோடு விதைத்தால், ஆடிக் காற்றுக்கு வெகு முன்பே சித்திரையில் பழம் எடுத்துவிடலாம். விதைக்குழி எடுக்கும்போதே படலையும் நிறுத்திவிடுவது நலம். கொடி ஓடியபின் கால் நட்டால் வேர் அறுபடும். காய் முற்றத் தொடங்கியதும் நீரைக் குறைக்கவேண்டும். அது முதல் உறிகளைக் காலையும் மாலையும் பார்த்துவருதல் வேண்டும். காம்படியில் வெடிப்புத் தெரிந்த பழத்தை அன்றே எடுத்துவிடலாம்.