கற்கோடரியை ஊருக்குக் கொண்டுபோவது எப்படி?

திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒரு நடமாடும் அருங்காட்சியகம் வேண்டுமென்றால் அதற்கான காட்சிப்பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கொசஸ்தலையாற்றுப் பக்கமுள்ள அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863இல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் நடத்திய அகழாய்வு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் காட்டியது. பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகமும் இருக்கிறது. ஆனால் எளாவூரிலோ மாதர்பாக்கத்திலோ இருக்கும் தினக்கூலிக்காரர் பூண்டிக்குப் போய்வர ஒரு நாள் கூலியை விட வேண்டும். காட்சிதான் அவரிடம் போகவேண்டும். வண்டி நமக்குப் புதிதல்ல: 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் போனது, 1965இல் கொல்கத்தாவின் பிர்லா அருங்காட்சியகம் அறிவியல் காட்சிப்பொருள்களை ஊர்களுக்கு அனுப்பத் தொடங்கியது, 2015இல் மும்பை சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகம் ஒரு பேருந்தையே காட்சிக்கூடமாக்கியது. ஆகவே வண்டியைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, எதை ஏற்றுவது, எத்தனை நாள் நிறுத்துவது என்று யோசிப்பதே முதல் வேலை. குறைவாக ஏற்றுங்கள், அதிக நேரம் நில்லுங்கள் என்பதே என் கட்சி.

முதலில் பொருள்கள். அசல் கருவிகளை ஏற்றவே வேண்டாம். தொல்பொருளை வெளியே எடுக்க அனுமதி, காவல், கண்ணாடிப் பேழை எல்லாம் வேண்டும். பேழை வந்ததும் கை விலகிவிடும். அதே வகைக் குவார்ட்சைட் கல்லில் தட்டிச் செய்த நகல்கள் ஏழெட்டு போதும். “போலியைக் காட்டவா இவ்வளவு டீசல்?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கைக்கோடரி கையில் பிடிப்பதற்காகச் செய்த பொருள். அதன் கனமும் விளிம்பின் கூர்மையும் உள்ளங்கையில் அமரும் விதமும் தொட்டால்தான் புரியும். ஒவ்வொன்றின் மேலும் “நகல்” என்று பெரிதாக எழுதுங்கள், அசலின் படத்தைப் பக்கத்தில் ஒட்டுங்கள். பெரிய கைக்கோடரிகளில் தொடங்கிச் சிறிய செதில் கருவிகளில் முடியும்படி அடுக்குங்கள். அந்த மாற்றம் அத்திரம்பாக்கத்தில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்வதை அந்த வரிசையே விளக்கிவிடும். விளக்க அட்டைகள் தமிழிலும் தெலுங்கிலும் இருக்கட்டும். ஆந்திர எல்லையோர ஊர்களில் பலருக்குத் தெலுங்கு வீட்டுமொழி. சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த வடமாநிலத்தவருக்காக இந்தியில் ஒரு தாளும் சேர்த்தால் அவர்களும் நின்று பார்ப்பார்கள்.

அடுத்து நாள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, விட்டுவிடுங்கள். ஊராட்சித் தலைவர், தலைமையாசிரியர் இருவரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். கிராமசபை கூடும் நாளை ஒட்டி வந்தால் ஊருக்கு அறிவிக்கும் வேலை மிச்சம். ஓர் ஊரில் மூன்று நாளாவது நில்லுங்கள். பத்து ஊருக்கு ஒரு நாள் வீதம் போனால் கணக்கில் எண்ணிக்கை கூடும், பணம் கொடுப்பவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் தொழிற்சாலைகளில் ஷிப்டு மாறி மாறி வருகிறது. பகலில் மட்டும் திறக்கும் காட்சிக்குப் பள்ளிப் பிள்ளைகள்தான் வருவார்கள். முதல் நாள் பார்த்த பிள்ளை மறுநாள் தாத்தாவை அழைத்துவர வேண்டுமென்றால் மறுநாளும் வண்டி அங்கே இருக்க வேண்டும். ஒரு நாளாவது இரவு ஒன்பது வரை விளக்கு எரியட்டும். ஊரக வேலைத் திட்டத்துக்குப் போகும் பெண்கள் வருவதற்கு மாலைதான் தோது.

கடைசியாக, மிகக் கடினமான பகுதி: பார்ப்பவர்களிடம் என்ன சொல்வது. இந்தக் கற்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தால் ஊரார் பொறுக்கி எடுத்து விற்றுவிடுவார்கள் என்று ஆய்வாளர்களே அஞ்சக்கூடும். அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சவுடு மண்ணையும் சரளையையும் லாரி லாரியாக அள்ளும்போது எந்தக் கருவி எங்கே போனது என்று எவருக்கும் தெரியாது; அடையாளம் தெரியாத கல்லுக்காக யாரும் பொக்லைனை நிறுத்தச் சொல்லப் போவதில்லை. எனவே கருவியோடு மண்ணடுக்கையும் காட்டுங்கள். ஒரு கண்ணாடித் தொட்டியில் களிமண், சரளை, செம்மண் என அடுக்கி, நடுவில் ஒரு நகலைப் புதைத்து வையுங்கள். 15 லட்சம் என்ற எண்ணைக் கணிக்க முடிந்ததே, கருவி எந்த அடுக்கில் எதற்குக் கீழே கிடந்தது என்பது தெரிந்திருந்ததால்தான். பிடுங்கிய கல்லுக்கு அந்த வயதைச் சொல்ல வழியில்லை என்று செய்தே காட்டுங்கள். பிறகு கண்டால் என்ன செய்வது என்ற ஒரு பக்கத் தாளைக் கொடுங்கள்: தொடாமல், பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படமெடுத்து, சர்வே எண்ணோடு கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தொல்லியல் துறைக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தாளின் ஒரு பிரதி பள்ளியிலும் இன்னொன்று ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை அடுத்த ஊருக்கு எடுங்கள்.