இடறும் எஞ்சின்

வாழைத்தார் ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பட்டறையின் முன் வந்து நின்றது. மேட்டில் எஞ்சின் இழுக்கவில்லை. நின்றபோதும் நொண்டுவோன் நடைபோல் விட்டுவிட்டு ஒலித்தது. இதனை 'மிஸ்ஸிங்' என்பர் தொழிலறிந்தோர். வேறொரு பட்டறையில் நான்கு பிளக்குகளையும் புதிதாக மாற்றியும் குறை தீரவில்லை என்று ஓட்டுநர் வருந்தினார்.

மாணவர்களே, நான்கு உருளைகள் கொண்ட பெட்ரோல் எஞ்சின் அது. சுழல்தண்டு இருமுறை சுழலுங்கால் ஒவ்வோர் உருளையிலும் ஒருமுறை பொறி எழுதல் வேண்டும். நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுழலும்போது, ஓர் உருளைக்கு நொடிதோறும் 25 பொறிகள்! பொறி, அளவாய்க் கலந்த பெட்ரோலும் காற்றும், அக்கலவையைக் கசியவிடாது இறுக்கும் அழுத்தம் ஆகிய மூன்றனுள் ஒன்று குன்றினும் அவ்வுருளை உழைக்காது. ஏனைய மூன்று உருளைகளே பாரத்தை இழுக்கும். ஆதலின், இடறுவது எவ்வுருளை என்பதே முதல் வினா. எதனை மாற்றுவது என்பது பின்னர் எழவேண்டிய வினா. தளை தட்டும் வெண்பாவில் இடறும் சீரைத் தேடாமல் பாட்டு முழுவதையும் திருத்துவார் உண்டோ?

முதியவராகிய மெக்கானிக், ஸ்கேனர் என்னும் கருவியை வண்டியில் பொருத்தினார். 'பி 0303' என்ற குறி தோன்றியது. இறுதியிலுள்ள 3 மூன்றாம் உருளையைச் சுட்டும். ஆனால் அக்குறி இடத்தைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. அவ்வுருளையின் பிளக்கைக் கழற்றினார். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தது. எரிபொருள் வருகிறது, எரியவில்லை. பிளக்கை உலர்த்தி மாட்டிய பின், மூன்றாம் உருளையின் காயிலை முதலாம் உருளைக்கும், முதலாவதன் காயிலை மூன்றாவதற்கும் மாற்றிப் பொருத்தி, பழைய குறியை அழித்து, எஞ்சினை ஓடவிட்டார். சிறிது நேரத்தில் 'பி 0301' என்று தோன்றியது. குறை காயிலுடன் கூடவே இடம்பெயர்ந்துவிட்டது! 12 வோல்ட் மின்சாரத்தைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துவது காயில். அது பழுதானால் புதிய பிளக்கும் பயன்தராது. அந்த ஒரு காயில் மட்டும் மாற்றப்பட்டது.

குறை இடம்பெயராதிருந்தால் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரை ஆராய்வர். அதுவும் நன்றெனில் அழுத்தம் அளப்பர். அழுத்தம் குறைந்த உருளையில் சிறிது எண்ணெய் விட்டு அளக்குங்கால் அது உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்ததென்றும், உயராவிடின் வால்வு சரிவர மூடவில்லையென்றும் பெரும்பாலும் கொள்ளலாம். அது பெரிய வேலை.

"வழியில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்ததா, தம்பி?" என்றார் மெக்கானிக்.

"ஆம் ஐயா, சரக்கு வாடிவிடுமே என்று ஓட்டிவந்தேன்."

"இனி அவ்வாறு எரிந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள தூய்மைக் கலத்தில் சென்று எரியும். கலம் உருகிவிட்டால், அதன் விலைக்குப் பல காயில்கள் வாங்கலாம்."

ஓட்டுநர் எஞ்சினை முடுக்கினார். ஒலி சீராயிற்று. தார்கள் வாடுமுன் வண்டி சந்தையை நோக்கிப் புறப்பட்டது.