தொலைவில் நிற்கும் கண்

இராஜஸ்தான் மாநிலத்திலுள்ள பரத்பூரில் கேவலாதேவ் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. யுனெஸ்கோ 1985ஆம் ஆண்டில் இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. மழைக்காலத்தின் பிற்பகுதியில், நீர் நடுவே நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றைப் படம் பிடிக்க ஒளிப்படக் கலைஞர்கள் பலர் வருகின்றனர்.

அவர்களுள் சிலர் 600 மி.மீ. குவியத் தொலைவு கொண்ட பெரிய லென்சைச் சுமந்து வருவர். 50 மி.மீ. லென்சைவிட 12 மடங்கு பெரிதாக அது பறவையைக் காட்டும். மங்கிய காலை ஒளியையும் மிகுதியாக உள்வாங்கும்பொருட்டு, அதன் முகப்புக் கண்ணாடி ஏறத்தாழ 15 செ.மீ. அகலமுடையதாக இருக்கும். ஆதலால் லென்சின் எடை 3 முதல் 5 கிலோகிராம் வரை அமையும்.

காட்சியைப் பெரிதாக்கும் லென்ஸ், கையின் நடுக்கத்தையும் பெரிதாக்கிவிடும். எனவே கலைஞர் அதனை மூன்று கால்களுடைய தாங்கியில் பொருத்துவார். ஒரு நொடியில் 600இல் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைந்த நேரமே ஒளி உட்புகுமாறு கேமராவை அமைப்பார். நண்பகலில் வெப்பக்காற்று அலைவதால் தொலைவுக் காட்சி தெளிவிழக்கும். ஆகவே விடியற்காலையே ஏற்ற வேளை.

இவ்வளவு பாடு எதற்கு? அருகே சென்றால் சிறிய லென்சே போதுமன்றோ? இதற்கான விடை கூட்டில் உள்ளது. வெயில் ஏறியதும் பெரிய நாரை தன் சிறகுகளை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருகிறது. மனிதர் நெருங்கினால் அது அஞ்சிப் பறந்துவிடும். இறகு முளைக்காத குஞ்சுகள் வெயிலில் வாடும்; காக்கைக்கும் பருந்துக்கும் இரையாகவும் கூடும்.

ஆகையால் நல்ல கலைஞர் நடைபாதையை விட்டு இறங்குவதில்லை. பறவை தலைநிமிர்ந்து அவரை உற்று நோக்கினால், படம் கிடைக்காவிடினும் பின்வாங்குவார். லென்சின் எடையை அவர் சுமப்பது, பறவை அஞ்சாமல் இருப்பதற்காகவே.

சொற்பொருள்
களம் – இடம்
பாடு – உழைப்பு, துன்பம்
வாடும் – சோர்ந்துபோகும்
உற்று நோக்குதல் – கூர்ந்து பார்த்தல்

பயிற்சி
1. பெரிய லென்சைத் தாங்கியில் பொருத்துவது ஏன்?
2. பெரிய நாரை பறந்துவிட்டால் குஞ்சுகளுக்கு நேரும் இடர்கள் யாவை?
3. ‘படம் கிடைக்காவிடினும் பின்வாங்குவார்’ – இச்செயல் சரியா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
4. பிரித்து எழுதுக: தலைநிமிர்ந்து, விடியற்காலை.