'வோக்' என்றால் வசையா?

கேள்வி: அமெரிக்க அரசியலில் 'வோக்' என்று சொல்லி ஏசிக்கொள்கிறார்களே, அதில் அப்படி என்ன சண்டை? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 1931-இல் அலபாமாவில், ஓடும் ரயிலில் இரண்டு வெள்ளைப் பெண்களைக் கெடுத்ததாக ஒன்பது கறுப்பினப் பையன்கள் மேல் பொய்ப் பழி சுமத்தினார்கள். எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. போராடித்தான் அவர்கள் உயிரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இந்த ஸ்காட்ஸ்போரோ வழக்கைப் பாட்டாக்கிய கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி, 1938-இல் பதிவான ஒலித்தட்டில், அந்தப் பக்கம் போகிற தம் மக்களை விழிப்பாக இருக்கச் சொன்னார். 'வோக்' (விழித்திருப்பது) என்பது அப்படி ஓர் எச்சரிக்கையாகத்தான் வழங்கியது. 2014-இல் பெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு அது நாடெங்கும் பரவியது.

வலதுசாரிகளுக்கு இன்று அது வேறு பொருள்: மாற்றுக்கருத்தை வாயடைக்கும் ஒழுக்கப் போலீஸ்தனம். அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாய்தவறிய ஒரு வார்த்தைக்காக ஒருவரைத் துரத்தித் துரத்தி அடிப்பது அநியாயம்தான்.

ஆனால் புளோரிடாவைப் பாருங்கள். 2022-இல் ஆளுநர் டிசாண்டிஸ் 'வோக்'கை எதிர்த்து, வகுப்பறைகளையும் கட்டுப்படுத்தும் சட்டமே போட்டார். அதே ஆண்டு, அவர் இடைநீக்கம் செய்த அரசு வழக்கறிஞர் ஒருவரின் வழக்கில், 'வோக்' என்றால் என்ன என்று ஆளுநர் தரப்புச் சட்ட ஆலோசகரிடமே கேட்டார்கள். அமெரிக்கச் சமூக அமைப்பில் அநீதிகள் ஊறியிருக்கின்றன, அவற்றைச் சரிசெய்ய வேண்டும் என்ற நம்பிக்கைதான் அது என்றார் அவர். அந்த நம்பிக்கை குற்றமென்றால், அந்த ஒன்பது பையன்களின் கதையை எந்த ஆசிரியர் துணிந்து வகுப்பில் சொல்வார்?